தூளி கட்ட இடமில்லாத வீடு

ஒரு ஊரில் ஒரு சுங்குடிச் சேலை இருந்தது. அதைச் சேலை என்று சொன்னால் அதற்குக் கோபம் வந்துவிடும். கட்டிக்கொள்வதற்காகத்தான் அதை வாங்கினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சண்முகக்கனி இரண்டு தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தும் இருக்கிறாள். ஆனால் மூத்த மகள் கனிஷ்கா பிறந்த சில நாளில் அதன் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். அன்றிலிருந்து அது தன்னைத் தூளி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மற்ற சேலைகளோடு சேர்த்து மடித்து வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாமும் தூளி என்றே சொல்லிவிடுவோம், வம்பு எதற்கு.

உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் தன்னைக் கட்டிவிடலாம் என்பது தூளியின் பெருமை. அது வேப்பங்கிளையில் தொங்கியிருக்கிறது. உப்பளத்துக் கொட்டகையில் தொங்கியிருக்கிறது. ஓட்டுச்சாவடியில் வரிசை நீளமாக இருந்த அன்று பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியில் தொங்கியிருக்கிறது. ஓடும் ரயிலில் இரண்டு படுக்கைகளுக்கு நடுவே தொங்கி, டிக்கெட் பரிசோதகரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டிருக்கிறது. அவர் கோபப்படாமல் குனிந்து போனார் என்று தூளி இன்றைக்கும் சொல்லும்.

அப்படிப்பட்ட தூளி மூன்று வாரமாக ஒரு பைக்குள் மடிந்து கிடந்தது. காரணம் ஒன்றுதான். கட்ட இடம் இல்லை.

அந்த நகரத்தில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து மாதக்கணக்கில் சிகிச்சைக்கு வருகிற பிள்ளைகளின் வீட்டார் ஆஸ்பத்திரி மதிலோரம் படுத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்து மனசு கேட்காத சிலர் சேர்ந்து எதிர்த்தெருவில் ஒரு வீடு கட்டினார்கள். பன்னிரண்டு அறைகள், வாடகை கிடையாது. சாருலதா என்கிற ஆர்க்கிடெக்ட் பெண் தானாக முன்வந்து அதை வரைந்து கொடுத்தாள்.

நன்றாகத்தான் வரைந்தாள். பிள்ளைகள் முட்டிக்கொள்ளாதபடி மூலைகளை எல்லாம் உருட்டிவிட்டாள். சுவிட்சுகளைச் சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தாள். வழுக்காத தரை, கொசு நுழையாத ஜன்னல், சுவரில் சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி. டாக்டர்களைக் கேட்டாள், நர்சுகளைக் கேட்டாள், கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரிய மனசுக்காரி. நாம் அவளைக் குறை சொல்லப் போவதில்லை, கொஞ்சம் கேலி செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

ஏழாம் அறை சண்முகக்கனிக்குக் கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தூர்க்காரி. கனிஷ்காவுக்கு ஏழு வயது. ரத்தத்தில் கோளாறு, ஐந்து மாதம் விடாமல் மருந்து ஏற்ற வேண்டும், நடுவில் நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இடுப்பில் இன்னொன்று, எட்டு மாதக் கைப்பிள்ளை. இசக்கித்துரை என்று பெயர். துரை என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்கேற்ற அதிகாரமும் அவனுக்கு இருந்தது. தூளியில் போட்டு ஆட்டினால் ஒழியத் துரை தூங்க மாட்டார்.

முதல் நாளே சண்முகக்கனி தூளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். உத்தரம் இல்லை. கொக்கி இல்லை. ஏ.சி. இருந்ததால் ஃபேன்கூட இல்லை. வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரை ஒன்று, மழை ஓய்ந்த வானம்போலக் கள்ளமில்லாமல் இருந்தது. தூளியை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தூளி தானே இடம் தேடப் புறப்பட்டது. முதலில் ஜன்னலிடம் போனது. நான் தள்ளுகிற ஜன்னல், கம்பியெல்லாம் பழைய காலம் என்றது ஜன்னல். கட்டிலுக்குக் கீழே கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, என் அடிவயிறு முழுக்க இழுப்பறை என்று கட்டில் சொல்லிவிட்டது. ஒட்டகச்சிவிங்கிதான் தாராளமாகக் கழுத்தை நீட்டியது. இவ்வளவு நீளக் கழுத்தை வைத்துக்கொண்டு இதுகூடச் செய்யவில்லை என்றால் எப்படி என்றது. பாவம், அது பெயின்ட்.

"எதைத் தேடுகிறாய்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று காட்டுவதற்காக ஒவ்வொரு அறையிலும் அந்தந்த அறையின் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். அதற்கோ தான் ஓட வழிகாட்ட வந்தவன் என்ற நினைப்பே கிடையாது. அறையைப் படைத்ததே தான்தான் என்ற நினைப்பு.

"தொங்குததுக்கு ஒரு இடம் வேணும் ஐயா," என்றது தூளி.

"என்னைப் பார். என்னில் இல்லாதது இந்த அறையில் இல்லை."

தூளி கிட்டப் போய்ப் பார்த்தது. கோடுகளும் எண்களும் ஒழுங்காக இருந்தன. "ஆளுங்க எங்க?" என்று கேட்டது.

"அதோ எழுதியிருக்கிறதே. நோயாளி ஒன்று. உடனிருப்பவர் ஒன்று."

"அப்ப துரை?"

"எந்தத் துரை?"

"கைப்பிள்ளை. வந்ததுல இருந்து அழுதுக்கிட்டே இருக்கானே, காதுல விழலையா?"

"அது சத்தம்," என்றது வரைபடம். "சத்தம் வரைபடத்தில் வராது."

அதோடு பேச்சு முடிந்தது. தூளி தானாகப் போய்ப் பைக்குள் படுத்துக்கொண்டது. அதற்கு வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அந்த அறையில் யாரும் தூங்கவில்லை. சண்முகக்கனி துரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கீழே விட்டால் அழுகை, உட்கார்ந்தால் அழுகை. கனிஷ்கா ஊசி போட்டுக்கொண்டு வந்து படுப்பாள். கண் அசரும்போது தம்பி வீறிடுவான். தூக்கம் இல்லாததால் சாப்பாடு இறங்கவில்லை, சாப்பாடு இறங்காததால் மருந்து குடலைப் புரட்டியது. ஆஸ்பத்திரி என்ற பெயரைக் கேட்டாலே அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஊருக்குப் போகலாம் என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு இல்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் சண்முகக்கனி தூளியின் ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியிலும் இன்னொரு நுனியை அலமாரியிலும் கட்டித் துரையைப் போட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டின் மேலாளர் எப்சிபா கதவைத் திறந்தார். துரை ஒரே வீச்சில் அறையின் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தான். அம்மா பிடித்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை, எப்சிபாதான் அலறிவிட்டார். அதற்கப்புறம் தூளிக்குப் பையை விட்டு வெளியே வர அனுமதி இல்லை.

எப்சிபா கெட்டவர் இல்லை. ஆறாம் அறையும் எட்டாம் அறையும் மாறி மாறி வந்து அழுகைச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோதும் இரண்டு வாரம் பொறுத்துத்தான் பார்த்தார். அந்த அறைகளிலும் ஊசி போட்டு வந்த பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அவர்களும் தூங்க வேண்டும் அல்லவா. கடைசியில் ஒரு காலையில் வந்து, கைப்பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பால் குடிக்கிற பிள்ளையைத் தாயில்லாமல் எப்படி அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை, சண்முகக்கனிக்கும் தெரியவில்லை.

தகவல் போய், அப்பா செந்தூர்பாண்டி விடியற்காலை ரயிலில் வந்து சேர்ந்தான். வந்தவன் மனைவியின் கண்ணைப் பார்த்தான், மகள் தொடாமல் வைத்திருந்த இட்லித் தட்டைப் பார்த்தான், துரையின் குரலைக் கேட்டான்.

"எல்லாரும் ஊருக்குப் போயிருவோம்," என்றான். "அங்க பாத்துக்கிடலாம்."

அங்கே என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று சண்முகக்கனி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்கு முடிவாயிற்று. செந்தூர்பாண்டி துணிமணிகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தான்.

பைக்குள் கிடந்த தூளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் மடியில்தான் கனிஷ்கா குப்புற விழக் கற்றுக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் வைத்தியம் தன்னால், தனக்கு ஒரு இடம் கிடைக்காததால், பாதியில் நிற்கப் போகிறது என்பது தூளிக்குப் பொறுக்கவில்லை. பழைய துணிக்கு வெட்கம் அதிக நாள் நிற்காது. அது யோசித்தது.

அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான், வழுக்கி விழுவது. செந்தூர்பாண்டி பையில் வைத்தான், அது வழுக்கி விழுந்தது. மறுபடி மடித்து அடியில் செருகினான், மேலே வந்து விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது சண்முகக்கனி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் துரை கத்துவான், கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது தூங்க வைக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று பெருமூச்சு விட்டாள். செந்தூர்பாண்டி அண்ணாந்து பார்த்தான். அவன் நல்ல நெட்டை. ஆனால் வெள்ளைக் கூரையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் தென்படவில்லை.

தூளியும் அண்ணாந்து பார்த்தது. பிறகு மிகவும் பணிவாகப் பேச்சைத் தொடங்கியது.

"அண்ணாச்சி, உங்களப் பாத்தா எனக்குப் பயமாத்தான் இருக்கு. இந்தக் கட்டடம் மொத்தத்தையும் நீங்கதான் தாங்குதீங்கன்னு வெளிய பேசிக்கிடுதாங்க."

ஃபால்ஸ் சீலிங்கிடம் இதுவரை யாரும் பேசியதே இல்லை. அதற்குத் தொண்டை கரகரத்தது. "பேசிக்கொள்வதென்ன, உண்மை அதுதானே," என்றது. "மேல்மாடி முழுவதும் என் முதுகில்தான் நிற்கிறது. நான் கொஞ்சம் அசந்தால் போதும்."

"அப்ப எட்டுக் கிலோவெல்லாம் உங்களுக்கு ஒரு சுமையா இருக்காது."

"எட்டுக் கிலோவா. எண்பது கிலோ கட்டு. கேட்கிறாய் பார், எட்டுக் கிலோ என்று."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் பேச்சு என்றைக்கு மாறியிருக்கிறது," என்று நெஞ்சை நிமிர்த்தியது சீலிங். நிமிர்த்திய வேகத்தில், ஏ.சி.யைப் பழுது பார்ப்பதற்காக அதில் விட்டிருந்த சதுர மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டது.

மனிதர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் கேட்காது. ஆனால் செந்தூர்பாண்டியின் கண்ணில் மூடி பட்டுவிட்டது. நாற்காலியில் ஏறி மூடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். இருட்டுக்குள் குறுக்கே ஒரு தகரச் சட்டம் கைக்குத் தட்டுப்பட்டது. கீழேயிருந்து தூளியை வாங்கினான், சட்டத்தில் கோத்தான், முடிச்சுப் போட்டான்.

புது இடத்தில் தூளி கட்டினால் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் கனமாக எதையாவது போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஊரில் அம்மிக் குழவியைப் போடுவார்கள். இந்த அறையில் அம்மி ஏது? மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. அதைத் தூக்கித் தூளிக்குள் வைத்தான் செந்தூர்பாண்டி. கனிஷ்காவையும் துரையையும் கூட்டிக்கொண்டு சண்முகக்கனி வாசலுக்கு வெளியே வராந்தாவில் நின்று பார்த்தாள்.

ஒரு ஆட்டு ஆட்டினான். சீலிங் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. இரண்டாவது ஆட்டுக்கு ஐயோ என்றது. மூன்றாவது ஆட்டுக்குத் தகரமும் பலகையும் தண்ணீர் கேனுமாகத் தடதடவென்று தரைக்கு வந்தது. கேன் தூளியிலிருந்து எகிறிப் போய் உடைந்து அறை முழுக்கத் தண்ணீர், தூளி மட்டும் சீலிங் பலகைமேல் நனையாமல் கிடந்தது. நடுவில் தலை முதல் மீசை வரை வெள்ளைப் பொடியோடு செந்தூர்பாண்டி நின்றான்.

வராந்தாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது யார் சிரிப்பு என்று சண்முகக்கனிக்கே சட்டென்று விளங்கவில்லை. கனிஷ்கா சிரித்து அவ்வளவு நாளாகியிருந்தது.

தரையில் கிடந்த சீலிங் துண்டு முனகியது. "உண்மையைச் சொல்லிவிடுகிறேன்," என்றது தூளியிடம். "நான் எதையும் தாங்கவில்லை. நானும் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன், நாலு கம்பியில்."

"தெரியும் அண்ணாச்சி," என்றது தூளி. "மேல என்ன இருக்குன்னு பாக்கணும்னுதான் உங்களக் கொஞ்சம் ஏத்திவிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

மேலே பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சொரசொரப்பான கான்கிரீட். கான்கிரீட்டின் நடுவிலிருந்து, கட்டைவிரல் தடிமனில், வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. துருப்பிடித்திருந்ததே தவிரத் திடமாக இருந்தது.

"இன்னா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டது கொக்கி. "ஒரு வருஷமா இருட்டுல குந்திக்கினு கூவுறேன். கீழ புள்ள அழுவுது, மேல நான் அழுவுறேன். நடுவால இந்த வெள்ளச் சட்டக்காரன், ஒரு சேதியக் கீழ வுடல."

"நீ யார்?" என்றது வரைபடம், கதவுக்குப் பின்னாலிருந்து.

"கண்ணு தெரியலயா? கொக்கி."

"அப்படி ஒன்று என்னில் இல்லை. ஆகையால் நீ இல்லை."

"சரி, இல்ல," என்றது கொக்கி. அதற்கு வாக்குவாதத்தில் விருப்பம் கிடையாது, அது வேலைக்காரன்.

இதற்குள் செந்தூர்பாண்டிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரார் புண்ணியத்தில் கட்டிய வீட்டை உடைத்துவிட்டோமே, என்ன சொல்லப் போகிறார்களோ என்று கைகளைப் பிசைந்தான். சண்முகக்கனி தண்ணீரையும் பொடியையும் துடைத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் மூன்று வாரத்துக் களைப்பு இருந்தது, ஆனால் குரலில் இல்லை.

"இடிஞ்சது இடிஞ்சு போச்சு," என்றாள். "தூளியக் கெட்டுங்க."

கொக்கியில் தூளி ஏறியது. இந்தத் தடவை தண்ணீர் கேன் எல்லாம் வைக்கவில்லை. சண்முகக்கனியே அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு ஆட்டு ஆடிப் பார்த்தாள். கொக்கி அசையவில்லை. இறங்கி, துரையை உள்ளே போட்டாள். ஒரு ஆட்டு, அழுகை நின்றது. இரண்டாவது ஆட்டு, கட்டைவிரல் வாய்க்குப் போனது. மூன்றாவது ஆட்டில் துரை தூங்கிவிட்டார்.

அந்த அறை முதல்முறையாக அமைதியானது. ஏ.சி. ஓடுவது கேட்டது. கனிஷ்கா கட்டிலிலிருந்து இறங்கி வந்து, ஊசி குத்திப் பட்டை ஒட்டியிருந்த கையை விட்டுவிட்டு மற்ற கையால் தூளியின் ஓரத்தைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டுகிற கையை நிறுத்தாமல், பசிக்கிறது என்றாள். ஆறிப்போன இட்லியை அம்மா ஊட்டிவிட, மூன்றைத் தின்றாள். சண்முகக்கனிக்கு அழுகை வந்தது. அழுதால் துரை விழித்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள்.

வெளியே போயிருந்த எப்சிபா, தடதட சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓடி வந்தார். வந்தவர் கூரையைப் பார்த்தார், தரையில் கிடந்ததைப் பார்த்தார், சத்தம் போட வாயைத் திறந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். அதனால் அவர் கிசுகிசுப்பாகத் திட்ட வேண்டியதாயிற்று. கிசுகிசுப்பாகத் திட்டுவது ரொம்பக் கஷ்டமான வேலை. பாதியிலேயே கோபம் கரைந்துவிடும். எப்சிபாவுக்கும் கரைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சாருலதாவுக்குப் போன் செய்தார்.

சாருலதா அரை மணி நேரத்தில் வந்தாள். உடைந்த சீலிங்கைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. தான் பார்த்துப் பார்த்து வரைந்தது அல்லவா. பிறகு மேலே பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போய் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினாள்.

"நான்தான் சொன்னேனே," என்றது வரைபடம். "இல்லை. குழந்தை தொங்குவதுபோலத் தெரிவது வெறும் தோற்றம்."

அவள் ஓசைப்படாமல் கட்டட மேஸ்திரி ஏகாம்பரத்துக்குப் போன் போட்டாள். அவர் வேறு எங்கோ கான்கிரீட் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மெஷினுக்கு மேலே கேட்கட்டும் என்று கத்தினார். போனை எங்கே வைத்துக்கொண்டாலும் அறை முழுக்கக் கேட்டது. துரை ஒரு முறை நெளிந்தான், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபேனே இல்லாத அறையில் ஃபேன் கொக்கி எதற்குப் போட்டீர்கள் என்று சாருலதா கிசுகிசுத்தாள்.

"ஃபேனுக்கு இல்லம்மா, புள்ளைக்கு," என்றார் ஏகாம்பரம். "எல்லா ரூம்லயும் கட்டிலாண்ட ஒண்ணு வுட்டிருக்கேன். கம்பி கட்டும்போதே வளைச்சு வுட்டுட்டேன்."

"வரைபடத்துல இல்லையே மேஸ்திரி?"

"வீடு கட்டணும்னுதானேம்மா சொன்னீங்க? லாட்ஜுன்னு சொல்லியிருந்தா வுட்டிருக்க மாட்டேன்."

சாருலதா போனை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டு நிறைய எழுதிக்கொண்டவள் அவள். வரப்போகிற பிள்ளைக்கு என்ன வியாதி, எத்தனை நாள் சிகிச்சை, எந்த உயரத்தில் கட்டில் என்றெல்லாம் கேட்டிருந்தாள். அந்தப் பிள்ளையோடு வேறு யார் வருவார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வெட்கம் காதுவரை ஏறியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

எப்சிபா பக்கத்தில் வந்து, ஓட்டையை மூட ஆளை எப்போது வரச் சொல்லட்டும் என்று மெல்லக் கேட்டார். சாருலதா பதில் சொல்வதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. பிறகு வராந்தாவின் கோடியிலிருந்து இன்னொரு டொக் டொக். ஏகாம்பரத்தின் குரல் ஏழாம் அறையோடு நின்றிருக்கவில்லை. ஆறிலும் எட்டிலும் பத்திலும் அம்மாக்கள் துடைப்பக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் கைப்பிள்ளை உண்டு, யாரெல்லாம் அதை ஊரில் விட்டுவிட்டு வந்து குளியலறையில் பாலைப் பீய்ச்சிவிட்டு அழுதவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைத் தடுத்தே ஆக வேண்டும் என்று எப்சிபா விறுவிறுவென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தலையில் வெள்ளைப் பொடி.

"எட்டாம் நம்பர்லயும் இருக்கு மேடம்," என்றார் கிசுகிசுப்பாக.

சாருலதா எழுந்து போய் வரைபடத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தாள். பேனாவால் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். வரைபடம் சற்று நேரம் தன்னையே பார்த்துக்கொண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்," என்றது.

தூளி வாயைத் திறக்கவில்லை. அதன் வயிற்றில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மணி நாலரை ஆகியிருந்தது. கட்டி வைத்த பைகள் வாசலில் வரிசையாக நின்றன. செந்தூர்பாண்டி அவற்றையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். சண்முகக்கனி கண்ணால் மகளைக் காட்டினாள். ஊருக்குப் போக வேண்டும் என்று மூன்று வாரமாகக் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதவள் மகள். அவளைக் கேட்காமல் முடிவு செய்ய இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

செந்தூர்பாண்டி மகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"இருந்தா நாளைக்குக் காலைல மறுபடியும் ஊசி போடணும்மா," என்றான். பொய் சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை. "என்ன செய்யலாம்?"

கனிஷ்கா தூளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையும் நிற்கவில்லை.

"போட்டுட்டு வந்து ஆட்டுதேன்," என்றாள். "நீங்க மெதுவாப் பேசுங்கப்பா. தம்பி முழிச்சிருவான்."

ஐந்து மணி பஸ்ஸில் செந்தூர்பாண்டி தனியாகத்தான் ஏறினான்.